பழைய மஸ்டா ரோட்ஸ்டருக்கு வீல் எலைன்மென்ட்: கடையிலா, வீட்டு முற்றத்திலா?

கல்லடி ரோட்ஸ்டர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1.8 லீற்றர் எஞ்சின் கொண்ட இரண்டாம் தலைமுறை மஸ்டா ரோட்ஸ்டர். ஜப்பானில் பாவித்த பின்னர் இறக்குமதியாகி, பல கைகள் மாறி என்னிடம் வந்து சேர்ந்தது. 15 அங்குல அலோய் ரிம்மும் 195/50 அளவு டயரும் பூட்டியிருக்கிறேன். உயரம் குறைக்கப்படவில்லை, ஸ்பிரிங் எல்லாம் வந்தபடியே உள்ளன.

முன் டயர்கள் இரண்டும் உள் விளிம்பில் மட்டும் தேய்ந்து, நடுப்பகுதியில் காடி நன்றாக இருக்கும்போதே கழற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்டன. நேராக ஓடும்போது ஸ்டியரிங் சற்று வலது பக்கம் திரும்பியபடியே நிற்கிறது. பிடியைத் தளர்த்தினால் வாகனம் மெதுவாக இடது பக்கம் போகிறது. புதிய டயர்களை வாங்கி வைத்துவிட்டேன்; ஆனால் எலைன்மென்ட் சரியாகாமல் அவற்றைப் பூட்டினால் அவையும் அதே கதிக்கு வரும் என்பதால் இன்னும் பூட்டவில்லை.

ஊரில் கணினி இயந்திரம் உள்ள ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். முன் சில்லுகளின் டோவை (மேலிருந்து பார்க்கும்போது சில்லு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டும் திருத்திவிட்டு, இத்தகைய சிறிய கார்களில் பின் சில்லுகளுக்கு எலைன்மென்ட் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அவர்கள் தந்த தாளில் பின் இடது சில்லின் டோ சிவப்பு நிறத்தில் காட்டப்பட்டிருக்கிறது. சிவப்பாக இருப்பதைத் திருத்த முடியாது என்றால் அதை எதற்காக அளக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

கொழும்புக்குக் கொண்டுபோகலாம் என்கிறார் ஒருவர். போக மட்டும் 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். அங்கே சரிசெய்த வாகனம் திரும்பி வரும் வழியில் ஒரு குழியில் விழுந்தால் எல்லாம் வீணாகிவிடும். நூல் கட்டி வீட்டிலேயே செய்யலாம் என்கிறார் இன்னொருவர். நான் கருவி பிடிக்கத் தெரியாதவன் அல்லன். ஆனால் நூலை நம்பி 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடத் துணிவு வரவில்லை. செய்து பார்த்தவர்கள் வழி சொல்வீர்களா?

—

காரைதீவுச் சந்தி எழுதியது:

நண்பரே, கடையா வீடா என்பதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். எலைன்மென்ட் என்பது உறுதியாக நிற்கும் பாகங்களுக்கு இடையிலான கோணங்களைத் திருத்துவது. பாகங்களே ஆடினால் எந்த இயந்திரமும் உதவாது. முன் பக்கத்தை ஜாக்கில் உயர்த்தி, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். மேல்கீழ் ஆட்டத்தில் தட்டும் சத்தம் வந்தால் பெயாரிங்கையோ போல் ஜொயின்டையோ சந்தேகிக்கலாம். இடவல ஆட்டத்தில் மட்டும் வந்தால் ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் டை ரொட்டைப் பார்க்க வேண்டும். சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் உள்ள புஷ்களின் இரப்பர் வெடித்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்தபோது இருந்த அதே புஷ்கள் இன்றும் இருக்கின்றன என்றால், அவற்றுக்கு 20 வயதாவது ஆகியிருக்கும்.

இடது பக்கம் இழுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். மழைநீர் வடிவதற்காக நம் வீதிகள் நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் போடப்பட்டிருக்கின்றன. ஆகவே கோணங்கள் எல்லாம் சரியாக இருக்கும் வாகனமும் கையை விட்டால் மெதுவாக இடது பக்கம் சரியும். வாகனமே இல்லாத அதிகாலையில், பார்வை நன்றாக எட்டும் நேரான வீதியில், சரியாக நடுவில் ஓட்டிப் பாருங்கள். அங்கும் இழுத்தால் அது வாகனத்தின் குறை. அதற்குப் பிறகும் உடனே எலைன்மென்ட் என்று போகாமல், முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டிப் பாருங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான். மாறாவிட்டால், ஓடி நிறுத்தியதும் நான்கு ரிம்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அந்தச் சில்லின் பிரேக் இறுகிப் பிடித்திருக்கிறது.

வீட்டில் செய்வதை நான் ஆதரிக்கவில்லை. லொறியின் டோவைத் தடியால் அளந்து சரிசெய்த பழைய பாஸ்மார் நம் ஊரில் இருந்தார்கள். ஆனால் லொறியில் திருத்துவதற்கு இருந்தது அந்த ஒரு கோணம் மட்டுமே. உங்கள் வாகனத்தில் நான்கு சில்லுகளுக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கிறது.

—

அக்கரைப்பற்று டயர்க்கடை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் இத்தொழிலில் இருப்பவன். கடையின் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்ய விரும்பவில்லை.

தம்பி, பின் சில்லுகளுக்குச் செய்ய முடியாது என்று சொன்னது தவறு. நம் வீதிகளில் ஓடும் சிறிய முன்சில்லு இயக்கக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் முறுக்குத் தண்டு போன்ற ஒரே அச்சு இருக்கும். அதில் திருப்புவதற்கு எதுவும் இல்லை. அந்தப் பழக்கத்தில் சொல்லியிருப்பார்கள். உங்கள் ரோட்ஸ்டரில் நான்கு மூலைகளிலும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் இருக்கிறது, அதாவது சில்லை மேல் கை, கீழ்க் கை என இரண்டு கைகள் தாங்குகின்றன. ஒவ்வொரு கீழ்க் கையும் உடலோடு சேரும் இரண்டு இடங்களிலும் கேம் போல்ட் உள்ளது. அதன் தலையோடு சேர்ந்த வட்டத்தட்டு மையம் விலகியதாக இருப்பதால், போல்ட்டைத் திருப்பும்போது கை உள்ளேயோ வெளியேயோ நகர்கிறது. முன்னால் இரண்டு கேம்களையும் ஒரே திசையில் நகர்த்தினால் கேம்பர் (சில்லின் மேல்முனை உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்; உள்ளே சாய்ந்தால் மைனஸ்) மாறும்; ஒன்றுக்கொன்று எதிராக நகர்த்தினால் காஸ்டர் (சில்லு திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) மாறும். பின்னால் ஒரே திசையில் நகர்த்தினால் கேம்பர், எதிராக நகர்த்தினால் டோ. முன் டோவுக்கு மட்டும் வழமைபோல டை ரொட். ஆக ஒரு பக்கத்துக்கு ஐந்து இடங்கள், முழு வாகனத்துக்கும் பத்து இடங்கள். சாதாரணக் காருக்கு எடுக்கும் நேரத்தில் இதை முடிக்க முடியாது. முடித்துவிட்டதாக யாராவது சொன்னால் டோவை மட்டும் தொட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஸ்டியரிங் வளைந்து நிற்பதற்கும் விளக்கம் பின்னால்தான் இருக்கிறது. பின் இடது சில்லு மட்டும் ஒரு பக்கம் திரும்பியிருந்தால், பின் அச்சு வாகனத்தைத் தள்ளும் திசை நடுக்கோட்டிலிருந்து விலகும். இதைத் திரஸ்ட் கோணம் என்பார்கள். அந்த விலகலை ஈடுசெய்ய ஓட்டுபவர் ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பிப் பிடிக்கிறார். ஆகவே பின்னால் தொடாமல் முன் டோவை எத்தனை முறை திருத்தினாலும் அதற்குப் பலன் இராது. பின் கேம்பர், பின் டோ, அடுத்து முன் காஸ்டர், முன் கேம்பர், கடைசியாக ஸ்டியரிங்கை நேராகப் பூட்டி வைத்து முன் டோ: இந்த வரிசை மாறக் கூடாது. கேம்பரை மாற்றும்போது டோவும் கூடவே மாறிவிடும் என்பதால்தான் முன் டோ கடைசியில் வருகிறது.

இன்னொரு சிக்கல், இயந்திரத்தின் பட்டியலில் ரோட்ஸ்டர் என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். முதல் தலைமுறை 1989 இல் ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உங்களுடைய 1998 இலிருந்து வந்த தலைமுறை அங்கே மஸ்டா ரோட்ஸ்டர். ஆனால் ஐரோப்பிய, அமெரிக்கப் பட்டியல்களில் அதே வாகனம் எம்.எக்ஸ்-5 அல்லது மியாட்டா என்று இருக்கும். அந்தப் பெயரில் தேடச் சொல்லுங்கள். கிடைக்காத இடத்தில் அருகில் உள்ள வேறொரு மஸ்டாவைத் தெரிவுசெய்து அதன் எண்களை வைத்துவிடுபவர்களும் உண்டு.

பச்சை நிறத்தை நம்பி வீட்டுக்குப் போக வேண்டாம். பச்சை என்பது தொழிற்சாலை அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. இடது சில்லு அந்த எல்லையின் ஒரு முனையிலும் வலது சில்லு மறு முனையிலும் இருந்தால் இரண்டும் பச்சையாகத்தான் காட்டும். வாகனம் மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். எனவே நிறத்தை அல்ல, எண்ணைக் கேளுங்கள். உயரம் குறைக்காத, வீதியில் மட்டும் ஓடும் உங்கள் வாகனத்துக்கு நான் வைப்பது இதுதான்: முன் கேம்பர் ஏறத்தாழ மைனஸ் 1 பாகை, பின் கேம்பர் மைனஸ் ஒன்றரை, காஸ்டர் இரு பக்கமும் சமமாக 5 பாகை அளவில், முன் டோ பூச்சியம் அல்லது மிகச் சிறிய உள்நோக்கு, பின் டோ இரு பக்கமும் சமமான சிறிய உள்நோக்கு. பின் சில்லு எந்த நிலையிலும் வெளிநோக்கி இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் மழை நாளில் வளைவில் அக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் வால் சுழன்றுவிடும்.

இணையத்தில் பந்தயக்காரர்கள் எழுதும் மைனஸ் 3 பாகைக் கணக்குகளைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் நமக்கு வாய்த்திருப்பது கடற்கரையோரத்துத் தட்டை வீதி. செங்கலடியிலிருந்து மகா ஓயாவைத் தாண்டிப் பதுளைப் பக்கம் ஏறினால்தான் வளைவு என்று சொல்லத்தக்க ஒன்று வரும். நேர் வீதியில் ஓடும் வாகனத்துக்கு அவ்வளவு கேம்பர் வைத்தால் உள் விளிம்பைத் தின்பதைத் தவிர அது வேறொன்றும் செய்யாது.

—

கல்லடி ரோட்ஸ்டர் எழுதியது:

நானா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. காரைதீவு அண்ணா சொன்னபடி ஆட்டிப் பார்த்தேன். சத்தம் எதுவும் இல்லை. டயர்களை இடம் மாற்றியும் இழுப்பு மாறவில்லை. வீதியின் நடுவில் ஓட்டும்போது குறைகிறது, முற்றாக நிற்கவில்லை. ரிம்களில் சூடும் இல்லை.

கேம் போல்ட்டுகளை இனித்தான் பார்க்கப் போகிறேன். எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருப்பதால் அவற்றின் நிலை எப்படி இருக்குமோ தெரியவில்லை. நூல் முறையைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே?

—

ஆரையம்பதித் தங்கூசி எழுதியது:

நூல் முறையைப் பற்றி நான் சொல்கிறேன். என் பழைய வாகனத்துக்கு வருடக்கணக்காக அதைத்தான் செய்து வருகிறேன். காரைதீவு நண்பரின் அச்சம் எனக்கு விளங்குகிறது. ஆனால் நூல் பொய் சொல்வதில்லை. பொய் சொல்வது நாம் அதைக் கட்டும் விதம்.

முதலில் தரை. இடது சில்லு நிற்கும் இடத்துக்கும் வலது சில்லு நிற்கும் இடத்துக்கும் 5 மில்லிமீற்றர் உயர வித்தியாசம் இருந்தால், ஏறத்தாழ 1.4 மீற்றர் அகலத்துக்கு அது 0.2 பாகைக் கேம்பர் பிழையாகும். ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் காட்டும். மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாயால் நான்கு இடங்களையும் மட்டம் பார்த்து, தாழ்ந்த இடத்தில் தரை ஓட்டுத் துண்டுகளை அடுக்கிச் சமப்படுத்துங்கள். முன் சில்லுகளுக்குக் கீழே இரண்டு ஓட்டுத் துண்டுகளை வழவழப்பான முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, இடையில் கிறீஸ் பூசினால், திருத்தும்போது டயர் தரையைப் பிடித்து இழுக்காது. அதற்கான தட்டுகள் கடையில் இருக்கின்றன. வீட்டில் இதுவே போதும். காற்றழுத்தம் நான்கிலும் சரியாக இருக்க வேண்டும். தாங்கியில் பாதி அளவு பெற்றோலும், ஓட்டுநர் ஆசனத்தில் உங்கள் எடைக்குச் சமமான அரிசி மூட்டையும் வையுங்கள். ஒரு தொன் அளவே எடை கொண்ட வாகனத்தில் ஓட்டுநரின் எடை கோணங்களில் தெரியும்.

நூலுக்கு மீன்பிடித் தங்கூசியைவிடச் சிறந்தது இல்லை. மெல்லியது, இழுத்துக் கட்டினால் தொய்யாது. இரண்டு பீ.வீ.சீ. குழாய்களை எடுத்து, இரண்டிலும் சரியாக ஒரே இடைவெளியில் இரண்டு வெட்டுகள் போடுங்கள். ஒன்றை வாகனத்துக்கு முன்னாலும் மற்றதைப் பின்னாலும் ஜாக் ஸ்டாண்டுகளில் சில்லின் மைய உயரத்தில் வைத்து, வெட்டுகளில் தங்கூசியைக் கட்டினால் இரு பக்க நூல்களும் ஒன்றுக்கொன்று இணையாகிவிடும். பிறகு குழாய்களை இடம் வலமாக நகர்த்தி, முன் சில்லு மையத்திலிருந்து நூலுக்கு உள்ள தூரம் இடமும் வலமும் சமமாகவும், பின் சில்லுகளிலும் அவ்வாறே சமமாகவும் வரச் செய்யுங்கள். முன் தூரமும் பின் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தேட வேண்டாம். இந்த வாகனத்தில் பின் சில்லுகளின் இடைவெளி முன்னதைவிடச் சற்று அகலம். பலரும் இங்கேதான் வழுக்குகிறார்கள்: நூலைப் பின் டயரிலும் முன் டயரிலும் உரசும்படி கட்டிவிட்டு, அதை வாகனத்தின் நடுக்கோட்டுக்கு இணை என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இனி ஒவ்வொரு ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நூலுக்கு உள்ள தூரத்தை உருக்கு அளவுகோலால் அளவுங்கள். முன் விளிம்பு நூலிலிருந்து கூடுதலாக விலகியிருந்தால் அந்தச் சில்லு உள்நோக்கி இருக்கிறது. 15 அங்குல ரிம்மின் வெளிவிளிம்பு விட்டம் 415 மில்லிமீற்றர் அளவில் வரும். அதில் 1 மில்லிமீற்றர் வித்தியாசம் 0.14 பாகை. அரை மில்லிமீற்றரை நல்ல கண் பிடித்துவிடும். கேம்பருக்கு, கத்தியின் முகம்போல நேரான ஓர் அலுமினியச் சட்டத்தை ரிம்மில் நிமிர்த்தி வைத்து இலத்திரனியல் கோணமானியால் பார்க்கலாம். அது இல்லாவிட்டால் தூக்குக்குண்டு போதும்: 1 பாகை என்றால் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 7 மில்லிமீற்றருக்குச் சற்று மேலான வித்தியாசம் தெரிய வேண்டும். அலோய் ரிம்மில் அடிபட்ட நெளிவு இருந்தால் அளவு கெட்டுவிடும் என்பதால், சில்லை அரைச் சுற்று உருட்டி மீண்டும் அளந்து சராசரியை எடுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஜாக்கில் ஏற்றி இறக்கிய பின் வாகனத்தைச் சில மீற்றர் முன்னும் பின்னும் உருட்டிச் சஸ்பென்ஷனை இருத்திவிட்டுத்தான் அளக்க வேண்டும். கேம் நட்டுகளையும் வாகனம் தன் சில்லில் நிற்கும் நிலையில் முறுக்குங்கள். ஜாக்கில் தொங்கும்போது முறுக்கினால் புஷ்ஷின் இரப்பர் திருகிய நிலையில் பூட்டப்பட்டு, விரைவில் கிழிந்துவிடும். டை ரொட்டைத் திருப்பும்போது இரப்பர் உறையின் சிறிய வளையத்தை முதலில் தளர்த்துங்கள். மறந்தால் உறை முறுக்கிக் கிழியும்.

காஸ்டரை மட்டும் நான் கடைக்கு விட்டுவிடுகிறேன். சில்லை 20 பாகை ஒரு பக்கமும் 20 பாகை மறுபக்கமும் திருப்பி, இரண்டு நிலைகளிலும் கேம்பரை அளந்து, வித்தியாசத்தை ஒன்றரையால் பெருக்கினால் காஸ்டர் கிடைக்கும் என்பது கணக்கு. ஆனால் முற்றத்தில் அந்த 20 பாகையைச் சரியாகப் பிடிப்பது எளிதன்று. அளவில் வரும் சிறு பிழையும் ஒன்றரை மடங்காகிவிடுகிறது.

—

காரைதீவுச் சந்தி எழுதியது:

ஆரையம்பதி நண்பர் எழுதியதை வாசித்த பின் நூலைப் பற்றிய என் கருத்தைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன். ஆயினும் தண்ணீர்க் குழாயும் தரை ஓடும் பீ.வீ.சீ. குழாயும் தேடி, அரிசி மூட்டை சுமந்து, ஒரு விடுமுறை நாளைச் செலவழித்து, கடைசியில் காஸ்டருக்காக மீண்டும் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் முதலிலேயே நல்ல கடைக்குப் போனால் என்ன?

—

ஆரையம்பதித் தங்கூசி எழுதியது:

காஸ்டர் தானாக மாறுவதில்லை, நண்பரே. கேமைத் தளர்த்தாமலும் பலமாக அடிபடாமலும் இருந்தால் அது வைத்த இடத்தில்தான் நிற்கும். மாரி வெள்ளம் வடிந்ததும் வீதியில் வாய் திறக்கும் குழிகளால் டோதான் அடிக்கடி கெடுகிறது. அதைப் பார்க்க ஒவ்வொரு முறையும் கடைக்குப் போகத் தேவையில்லை. அளவுகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் அடுத்த முறை எது நகர்ந்தது என்பது உடனே தெரியும்.

—

கல்லடி ரோட்ஸ்டர் எழுதியது:

கேம் போல்ட்டுகளைப் பார்த்துவிட்டேன். நான்கு மூலைகளிலும் நட்டுகள் துரு இளக்கும் திரவம் அடித்து ஊறவிட்ட பின் தளர்ந்தன. போல்ட்டுகளில் ஒன்றைத் தவிர மற்றவை திரும்புகின்றன. பின் இடது பக்கத்தின் பின்புறப் போல்ட்டைத் திருப்பினால் தட்டு சற்று அசைகிறது. கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. தாளில் சிவப்பாக இருந்ததும் அதே சில்லுதான். சூடு காட்டிப் பார்க்கலாமா?

—

அக்கரைப்பற்று டயர்க்கடை எழுதியது:

சூடு வேண்டாம் தம்பி. போல்ட் துருவேறி, புஷ்ஷின் உள் இரும்புக் குழலோடு ஒன்றாகிவிட்டது. நீங்கள் திருப்பும்போது இரப்பர்தான் முறுகுகிறது, அதனால்தான் திரும்பி வருகிறது. தீயைக் காட்டினால் இரப்பர் எரியும். பெற்றோல் தாங்கியும் பிரேக் குழாய்களும் அருகிலேயே இருக்கின்றன. தலையில் நீண்ட குழாயைப் போட்டு உந்தவும் வேண்டாம். கேம் தட்டைத் தாங்கும் உடலின் விளிம்பு நெளிந்துவிட்டால் அதைச் சரிசெய்வது பெரிய வேலை.

சில நாட்கள் திரவத்தை அடித்து ஊறவிட்டு, சிறு சிறு அளவாக இரு பக்கமும் அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால், புஷ்ஷுக்கும் உடலின் தாங்கிக்கும் இடையிலுள்ள இடைவெளியில் இரு பக்கமும் இரும்பறுக்கும் வாளால் போல்ட்டை வெட்டிக் கையைக் கழற்ற வேண்டியதுதான். புதிய கேம் போல்ட், தட்டு, நட்டு, புஷ் எல்லாம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய வாகனங்களைப் பிடித்து வைத்திருந்தவர்கள் எல்லோரும் பாகங்களுக்கு அலைந்தார்கள். இந்த மாதிரிக்குப் பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முடிகிறது என்பது உங்கள் நல்லகாலம். புதியதைப் பூட்டும்போது போல்ட்டின் உடலில் துருப்பிடிக்காமல் இருப்பதற்கான பசையைத் தாராளமாகப் பூசுங்கள். கழற்றுவதற்கு முன் பழைய தட்டுகளின் நிலையைப் பெயின்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

பூட்டிய பின் கல்லடியிலிருந்து இங்கே வர 60 கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது. ஆரையம்பதி நண்பர் சொன்ன முறையில் பின் டோவை இரு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீற்றர் உள்நோக்கி வைத்துவிட்டு மெதுவாக வாருங்கள். அவ்வளவு தூரத்துக்கு அது போதும். வரும்போது பழைய டயர்களிலேயே வாருங்கள். புதியவற்றை இங்கே பூட்டி, பலன்ஸ் செய்து, பிறகு எலைன்மென்ட் மேடையில் ஏற்றலாம். எந்த டயரில் ஓடப் போகிறீர்களோ அந்த டயரில்தான் கோணம் பார்க்க வேண்டும். உங்கள் வாகனத்தின் முன் பம்பரின் கீழ் உதடு மேடையின் சரிவில் உரசும்; இரண்டு நீளப் பலகைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு வந்தால் நல்லது.